ஓருடலில் பல ஆளுமைகள்

கேள்வி: ஒரே மனிதருக்குள் பல ஆளுமைகள் தோன்றுவது எதனால்? இதற்குச் சிகிச்சை உண்டா?

பதில்: 1957-இல் வெளிவந்த 'தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' திரைப்படத்தில், அடக்கமே உருவான மங்கை கணப்பொழுதில் உல்லாசக்காரியாக மாறுவதைக் கண்டோர் அதை விந்தையென்றே எண்ணியிருப்பர், ஆயினும் அக்கதைக்கு ஆதாரமான அமெரிக்கப் பெண்மணி கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர், குழந்தைப் பிராயத்திலேயே மரணத்தையும் கோர விபத்தையும் நேரில் கண்டு கலங்கியவர் என்றறிந்தால் இரக்கமே மேலிடும். இளம் பிராயத்தில் தாங்கவொண்ணாத துன்பம், சிறப்பாக நெருங்கியவர்களே மீண்டும் மீண்டும் இழைக்கும் கொடுமை, நேரும்போது, ஒன்றாய் இணைந்து வளர வேண்டிய ஞாபகமும் உணர்ச்சியும் பிரிந்து தனித்தனி ஆளுமைகளாய் நின்றுவிடுகின்றன என்பது வைத்தியர் பலர் கொள்கை. இந்நிலை சிகிச்சையாளரின் தூண்டுதலால் விளைவதென்று வாதிப்போரும் உளர்.

இந்நோயை நேரே தீர்க்கும் மருந்தில்லை; மாத்திரைகள் உடன்வரும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கவே உதவும். நோயாளிக்கு முதலில் அபயம் அளித்து, பின்னர் பழைய வேதனையைச் சிறிது சிறிதாகப் பேசித் தெளியச் செய்து, பிரிந்தவற்றை ஒருமைப்படுத்தும் நெடுங்காலப் பணியே சிகிச்சை. திரைப்படம் குணமானதாகக் காட்டி முடித்த சைஸ்மோருக்கே, மேலும் பல ஆளுமைகள் தோன்றி மறைந்தபின், 1970-களில்தான் அவ்வொருமை கிட்டியது. ஆதலால், இத்தகையோரைப் பேய் பிடித்தவரென்று துன்புறுத்தாமல், மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்று, பொறுமையோடு உடனிருங்கள்.