புதிதாக ரேசர் எடுக்கும் பெண்ணுக்கு

முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். பாதி பிரசவ வார்டில், மீதி தோல் பிரிவில். அக்குளில் கட்டி, தொடை இடுக்கில் கொப்புளம் என்று வரும் பிள்ளைகளிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அப்பாவின் பழைய ரேசரால், ஐந்தே நிமிடத்தில். ரேசர் மேல் தப்பில்லை. ரகசியமும் அவசரமும்தான் தோலைப் புண்ணாக்குகின்றன. அதனால் எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகவே எழுதுகிறேன்.

1. எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசி, கண்ணு. உடம்பில் முடி இருப்பது அழுக்கில்லை, நோயுமில்லை. தினமும் கழுவினால் சுத்தம்தான். பெண்களுக்கென்றே தனி ரேசரை ஜில்லெட் நிறுவனம் அமெரிக்காவில் 1915இல் விற்க ஆரம்பித்தது. கையில்லாத உடுப்பு அங்கே நாகரிகமாகிக்கொண்டிருந்த நேரம். அக்குள் முடி அவமானம் என்ற பேச்சு விளம்பரங்களோடு சேர்ந்தே பரவியது. உனக்குப் பிடித்திருந்தால் எடு. வகுப்பில் யாரோ சிரித்தார்கள், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக எடுக்காதே.

2. “ஒரு தடவை சவரம் பண்ணினால் கட்டையாக முளைக்கும்” என்று பாட்டி சொல்வாள். அது சரியில்லை. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதை வெட்டுவது உள்ளே இருக்கும் வேருக்குத் தெரியாது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1928லேயே அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் பருமனும் நிறமும் வளரும் வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். அப்படியானால் சொரசொரவென்று குத்துவது ஏன்? இயல்பாக வளர்ந்த முடிக்கு நுனி கூம்பியிருக்கும். வெட்டிய முடிக்கு அது மழுங்கல். அறுவடையான வயலில் நடந்தால் தாள் காலைக் குத்துமே, அதேதான்.

3. ரேசர் உனக்கென்று தனியாக வேண்டும். அக்கா தங்கைக்குள்ளும், ஹாஸ்டல் தோழிகளுக்குள்ளும் கைமாறக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு போதும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடிருக்கும்.

4. இனி செய்முறை. அவசரப்படாமல் படி.

குளித்து முடிக்கும் நேரத்தில் செய். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடி இளகி, சுலபமாக வெட்டுப்படும். காய்ந்த தோலில் பிளேடு வைக்கவே வைக்காதே. ஷேவிங் க்ரீமோ ஜெல்லோ பூசு. குளியல் சோப்பு சீக்கிரம் உலர்ந்து பிளேடை இழுக்கும். முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழு. எதிர்த் திசையில் இழுத்தால் வழவழவென்று வரும், மறுநாள் சிவந்து பொங்கும். அழுத்தாதே, ரேசரின் கனமே போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசு. அக்குளில் முடி ஒரே திசையில் வளராது. கையைத் தலைக்கு மேல் தூக்கித் தோலை விறைப்பாக்கிக்கொண்டு, சின்னச் சின்னதாக எடு. முழங்காலையும் கணுக்காலையும் மெதுவாகக் கடந்து போ. வெட்டு விழுவது அங்கேதான்.

5. அந்தரங்க இடத்துக்கு ரேசரே வேண்டாம் என்பது என் கட்சி. சிறு கத்தரியோ டிரிம்மரோ வைத்துக் குட்டையாக்கினால் போதும். அங்கே சுருட்டை முடி. ஒட்ட வெட்டினால் நுனி தோலுக்குள்ளேயே திரும்பிப் புகுந்து கொப்புளமாகும். ஒரு ப்ளஸ் டூ பெண் இப்படித்தான் வந்தாள். அம்மா வெளியே போகும்வரை வாயே திறக்கவில்லை. ஊக்கால் குத்தி முடியை வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறாள். நெல்லிக்காய் அளவுக்குச் சீழ்க் கட்டி. நாலு நாள் முன்னால் யாரிடமாவது சொல்லியிருந்தால் வெந்நீர் ஒத்தடத்தோடு போயிருக்கும். நீ சொல்லிவிடு. சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே.

6. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ வரும்போது வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வராதே. அந்தக் காலத்தில் நாங்களே எல்லாத் தாய்மாருக்கும் செய்தோம். வலி எடுத்துக் கிடப்பவளின் காலை விரித்து, கிடைத்த தண்ணீரைத் தெளித்து, சுத்தம் என்று நம்பி. எத்தனை பேர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பது இன்றைக்கும் என் மனசில் உறுத்துகிறது. பிளேடு போடும் நுண்ணிய கீறல்கள் கிருமிக்கு வாசல் என்று பிறகு தெரிந்தது. அறுவைக்கு முன் முடியை எடுக்க வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் எடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

7. முடித்தவுடன் எலுமிச்சை, சென்ட், கஸ்தூரி மஞ்சள் எதுவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போடு.

8. தாடையில் திடீரென்று கரடுமுரடாக முடி வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் மகப்பேறு மருத்துவரைப் பார். சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிறார்களே, அந்தப் பிசிஓஎஸ் காரணமாக இருக்கலாம். சிகிச்சை நடக்கும்போது முகத்தைச் சவரம் செய்தாலும் குற்றமில்லை, தலை குனியவும் வேண்டாம்.

9. ரேசரைக் குளியலறை ஈரத்தில் விடாமல் உலர்த்தி வை. ஐந்து முதல் ஏழு தடவைக்குள் மாற்று. பழைய பிளேடை அப்படியே குப்பைக்கூடையில் போடாதே. கனமான காகிதத்தில் மடித்து, டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று எழுதிப் போடு. காலையில் அந்தப் பையை வெறுங்கையால் எடுக்கிறவளும் யாரோ ஒருத்தியின் அம்மா.