ஆற்றில் காத்திருக்கும் கருவி

ஓடும் ஆற்றில் ஒரு போத்தல் நீரை அள்ளிப் பரிசோதித்துவிட்டு, "இந்த ஆறு சுத்தமானது" என்று சொல்லிவிட முடியுமா? அந்தப் போத்தலுக்குள் இருப்பது நாம் அள்ளிய நிமிடத்து நீர் மட்டுமே. முதல் நாள் இரவு ஆற்றில் என்ன கலந்தது என்பதைக் காலை பத்து மணிக்கு அள்ளிய நீர் சொல்லாது.

கட்மியம், ஈயம், நிக்கல், செம்பு போன்ற உலோகங்கள் ஆற்று நீரில் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். ஆகையால் அவற்றைச் சுவட்டு உலோகங்கள் என்கிறோம். ஒரு லீற்றருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றே அவற்றைக் கணக்கிடுவர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. குடிநீரில் கட்மியத்துக்கு லீற்றருக்கு 3 மைக்ரோகிராம், ஈயத்துக்கு 10 மைக்ரோகிராம் என்பன உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவுகளாகும். இந்த அளவுகளில் நிறமோ மணமோ இவற்றைக் காட்டிக்கொடுக்காது.

இத்தனை சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு யப்பானின் ஜின்சு ஆறு பதில் சொல்லும். கமியோக்கா சுரங்கத்திலிருந்து வெளியேறிய கட்மியம் அவ்வாற்றில் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து நெல்லுக்குள்ளும் புகுந்தது. அச்சோற்றை உண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. எலும்புகள் மென்மையாகி முறிந்தன. பெரிதும் பாதிக்கப்பட்டோர் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள். "இத்தாய், இத்தாய்" என்று அவர்கள் நோவில் கதறியதே நோயின் பெயராயிற்று. "வலிக்கிறது, வலிக்கிறது" என்பது அதன் பொருள். கட்மியமே காரணம் என்பதை யப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சை அறிய, சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும் கருவியே பொருத்தமானது. எங்கள் வீட்டில் உம்மா உப்புப் போத்தலுக்குள் கொஞ்சம் அரிசி போட்டு வைப்பார். அது தானாகவே நாள்தோறும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செயலற்ற மாதிரியெடுப்பு என்னும் முறையும் இத்தகையதே. இதற்குப் பம்பியோ மின்சாரமோ தேவையில்லை.

இம்முறையில் பெயர்பெற்ற ஒரு கருவியை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டேவிசன், ஹாவோ சாங் ஆகியோர் உருவாக்கி 1994இல் உலகுக்கு அறிவித்தனர். கையடக்கமான பிளாத்திக்கு வில்லை அது. அதன் வட்டச் சாளரத்தின் விட்டம் 2 சென்ரிமீற்றர். உள்ளே மூன்று படைகள் உள்ளன. வெளியே உள்ள வடிமென்சவ்வு சேற்றைத் தடுக்கும். நடுவிலுள்ள ஜெல் படையினூடாக உலோக அயன்கள் மெதுவாகப் பரவும். கடைசிப் படையிலுள்ள ரெசின் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சில நாட்களின் பின் கருவியை எடுத்து, ரெசினிலுள்ள உலோகத்தை நைத்திரிக் அமிலத்தால் பிரித்து அளவிடுவர்.

உயர்தர விஞ்ஞான மாணவி என்ற வகையில் என்னைக் கவர்ந்தது இதன் கணக்கே. ரெசின் அயன்களை உடனே பிடிப்பதால் அதன் ஓரத்தில் செறிவு பூச்சியமாகிறது. மறுபக்கத்தில் ஆற்றின் செறிவு. இடையே மாறாத தடிப்புள்ள ஜெல். எனவே பிக்கின் பரவல் விதி நேரடியாகப் பொருந்துகிறது:

செறிவு = (சேர்ந்த திணிவு × படையின் தடிப்பு) ÷ (பரவல் குணகம் × சாளரப் பரப்பு × நேரம்)

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வாரத்தில், அதாவது 604,800 செக்கன்களில், 127 நனோகிராம் கட்மியம் சேர்ந்ததாகக் கொள்வோம். தடிப்பு 0.09 சென்ரிமீற்றர், பரப்பு 3.14 சதுர சென்ரிமீற்றர். பரவல் குணகம் செக்கனுக்கு 6 × 10⁻⁶ சதுர சென்ரிமீற்றர். விடை, கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 நனோகிராம். அதாவது லீற்றருக்கு 1 மைக்ரோகிராம்.

இப்போது அதே ஆற்றில் நாளின் 20 மணித்தியாலங்கள் 0.4 மைக்ரோகிராமும், இரவில் 4 மணித்தியாலங்கள் மட்டும் 4 மைக்ரோகிராமும் இருந்ததாக எண்ணுங்கள். சராசரி சரியாக 1. பகலில் அள்ளிய போத்தல் 0.4 என்றே காட்டும். கருவி அதைவிட இரண்டரை மடங்கைக் காட்டும்.

ஆனால் கருவிக்கும் எல்லைகள் உண்டு. சராசரியைச் சொல்லுமே தவிர, எந்த இரவில் கலந்தது என்று சொல்லாது. நம் உதாரணத்தில் இரவின் 4 மைக்ரோகிராம் வழிகாட்டல் அளவைத் தாண்டியது, சராசரியோ தாண்டவில்லை. சேற்றுத் துணிக்கைகளில் ஒட்டிய உலோகமும் கருவிக்குள் புகாது. வெப்பநிலை மாறினால் பரவல் குணகமும் மாறுவதால் நீரின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். ஆகவே போத்தலும் வேண்டும், கருவியும் வேண்டும்.

கொழும்பின் குழாய்களுக்கு வரும் நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. ஆற்றின் நலம் நம் அடுப்படியின் நலமே. பெற்றோரே, சகோதரிகளே! "ஆற்று நீரைப் பரிசோதித்தோம், குறையில்லை" என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மாதிரி எப்போது எடுக்கப்பட்டது? எத்தனை நாட்களின் நீரை அது பேசுகிறது?