பத்தரை ஆட்டம் பின்னால்

கேள்வி: ஆகஸ்ட் முடியப்போகிறது. தன் பேஸ்பால் அணி பத்து ஆட்டம் பின்தங்கிய பிறகும் ஒரு ரசிகர் பிளே-ஆஃப் கனவு காண்பது அசட்டுத்தனம்தானே?

பதில்: 2011-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரசிகர்களும் இந்தக் கேலியைக் கேட்டிருப்பார்கள். அந்த ஆகஸ்ட் 24 அன்று, பிளே-ஆஃபுக்கான கடைசி இடமான வைல்ட் கார்ட் இடத்திலிருந்த அட்லாண்டா பிரேவ்ஸைவிட அவர்கள் அணி பத்தரை ஆட்டம் பின்னால். (அதென்ன அரை? இரு அணிகளும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்று வித்தியாசப்பட்டால், கணக்கு அரையில் நிற்கும்!)

ஆனால் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அநேகமாக தினமும் ஒன்று. ஒரு மாதம் மிச்சமிருந்தது. கார்டினல்ஸ் ஜெயித்துக்கொண்டே வந்தது, பிரேவ்ஸ் தோற்றுக்கொண்டே வந்தது. செப்டம்பர் 28, கடைசி நாள். கார்டினல்ஸுக்கு வெற்றி, பிரேவ்ஸ் 13 இன்னிங்ஸ் போராடித் தோற்றது. ஒரே ஆட்ட வித்தியாசத்தில் உள்ளே நுழைந்த கார்டினல்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸை வீழ்த்தி உலகத் தொடரையே வென்றது.

அதே செப்டம்பரில், ஒன்பது ஆட்டம் முன்னிலையில் இருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் வாய்ப்பைக் கோட்டைவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். ஆகவே, பின்தங்கியவர் நம்பலாம். முந்தியிருப்பவர்தான் தூக்கம் கெட வேண்டும்!