கியர் மாறாவிட்டால் பெட்டிதான் பழுதா?

ஓடிக்கொண்டிருக்கும் டபுள் கெப் திடீரென்று இழுவை குறைந்து ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும் கராஜில் முதலில் காதில் விழும் வசனம் ஒன்றுதான்: "கொம்பியூட்டர் போட்டுது அண்ணை, மாத்தத்தான் வேணும்." அன்றைக்கே கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போன் போகும். இரவு பஸ்ஸில் கியரை ஆளும் கணினிப் பெட்டி வந்து சேரும். பூட்டிப் பார்த்தால் வாகனம் அதே கியரிலேயே நிற்கும். நெல் விற்ற காசோ, முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றிச் சேர்த்த காசோ, போனது போனதுதான். ஒருமுறை பூட்டிய இலத்திரனியல் சாமானைத் திருப்பி எடுக்கும் கடைக்காரர் அரிது.

வன்னியில் ஓடும் கெப்களில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவைதான். ஓட்டோ கியர் உள்ளவையோ அநேகமாக ஏலத்தில் எடுத்தவை, பல கை மாறியவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி முழுமையாகத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த இடைவெளியில் விற்றுவிட்டுப் புதிது எடுக்க வழியில்லாததால் பத்துப் பதினைந்து வயது வாகனங்கள் இன்னும் வேலை செய்கின்றன. அவற்றின் வயரும் கனெக்டரும் அதே வயதுதான். ஆனால் சந்தேகம் முதலில் விழுவது பெட்டிமேல்.

"கியர் ஒன்றிலேயே நிற்குதெண்டால் பெட்டி செத்துப் போச்சு" என்பதுதான் கராஜ்களில் உலவும் நம்பிக்கைகளில் மூத்தது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பெட்டி என்று நாம் சொல்லும், கியர்பொக்ஸை ஆளும் இந்தச் சிறிய கணினியை ரி.சி.எம். என்பார்கள். வேக சென்சர், எண்ணெய் வெப்ப சென்சர், சொலனொயிட் போன்றவற்றிலிருந்து வரும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், அது தானாகவே சொலனொயிட்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத நிலையில் எண்ணெய் அழுத்தம் மட்டும் ஒரு கியரைப் பிடித்து வைத்திருக்கும். பல வாகனங்களில் அது மூன்றாம் கியர். பின்னோக்கிப் போகும் கியரும் வேலை செய்யும். வீடுவரை மெதுவாக ஓட்டிப் போவதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு கியரில் நிற்கும் வாகனத்தில் பெட்டி உயிரோடு இருந்து, தன் பாதுகாப்பு வேலையைச் செய்துகொண்டிருக்கவே சாத்தியம் அதிகம்.

அப்படியென்றால் கணக்கு எங்கே பிழைத்தது? நம் நிலத்தையும் காலத்தையும் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலிலேயே கெப்பையும் விட்டால் எலிக்குக் கொண்டாட்டம். கியர்பொக்ஸின் மேற்பக்கம் ஓடும் வயர்க்கட்டு இளஞ்சூடாக இருக்கும், அங்கேதான் கூடு கட்டும். வட்டுவாகல் பாலத்தில் மழைக்காலத்துத் தண்ணீர் மேவும்போது கடந்த வாகனத்துக்கு நந்திக்கடலின் உப்பும் சேர்ந்து ஏறும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எத்தனையோ வாகனங்கள் ஆசனம்வரை நனைந்தன. வெயிலில் காய்ந்து ஓடத் தொடங்கியதும் பிரச்சினை முடிந்தது என்று விட்டுவிடுவோம். கனெக்டருக்குள் புகுந்த ஈரம் முடிவதில்லை.

அதைக் கண்ணால் பார்க்கலாம். பற்றறியைக் கழற்றிவிட்டு, கியர்பொக்ஸின் பக்கத்தில் இருக்கும் பெரிய கனெக்டரின் பூட்டைத் தூக்கி மெதுவாக இழுங்கள். ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஊசியாகப் பாருங்கள். நல்ல ஊசி மினுங்கும். கெட்டதன் அடியில் மயில்துத்தத்தின் நிறத்தில் பச்சைநீலப் பொடி பிடித்திருக்கும். சில இடத்தில் வயரின் தோல் நன்றாகவே தெரியும், அழுத்திப் பார்த்தால் உள்ளே செம்பு மாவாகிப் போயிருக்கும். கியர் எண்ணெய் வயர் வழியே ஊறிக் கனெக்டருக்குள் வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

அடுத்தது, "ஸ்கானர் போட்டுப் பாத்தாச்சு, பெட்டி எண்டுதான் காட்டுது." ஸ்கானர் பழுதான சாமானின் பெயரைச் சொல்லும் கருவி அல்ல. அதிகம் பேரை ஏமாற்றும் இலக்கம் பி0700. கியர்ப் பக்கத்தில் ஏதோ பிழை இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று எஞ்சின் கணினி விடும் அறிவித்தல் மட்டுமே அது. உண்மையான பிழை இலக்கம் ரி.சி.எம்.முக்குள் தனியாகப் பதிவாகியிருக்கும். மலிவான ஸ்கானர் எஞ்சின் பக்கத்தோடு நின்றுவிடுவதால் அதைக் காணாது. யூ0101 என்று வந்தால் ரி.சி.எம். மற்றவற்றோடு பேசவில்லை என்று அர்த்தம். பேசாததற்குப் பெட்டி செத்தது ஒரு காரணம். பியூஸ் எரிந்தது, ஏர்த் விட்டது, பேசும் வயர் அறுந்தது எல்லாமும் காரணங்கள்தான்.

இதைப் பிரித்தறிய ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர் போதும். ஸ்ரார்ட் அடிக்கும்போது பற்றறி 9.6 வோல்ற்றுக்குக் கீழே போனால் முதலில் பற்றறியைக் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். லைற், ஏசி எல்லாம் போட்டுக்கொண்டு பற்றறியின் மறை முனைக்கும் பெட்டியின் ஏர்த் ஊசிக்கும் இடையில் அளந்தால் 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ற்றுக்குமேல் வரக்கூடாது. வந்தால் வாகன உடலில் உள்ள ஏர்த் போல்ற்றைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள். பிறகு பற்றறியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் செருகும் துவாரத்தின் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கிடையே ஓம் அளவு பாருங்கள். பெரும்பாலான வாகனங்களில் 60 ஓம் அளவில் வரவேண்டும். 120 வந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்ப் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது முனையில் இருக்கும் ஒரு பெட்டி தொடர்பில் இல்லை. மின்சாரம், ஏர்த், பேசும் வயர் மூன்றும் சரியாக இருந்தும், சென்சரும் சொலனொயிட்டும் சரியான அளவு காட்டியும் பெட்டி பேசவில்லை என்றால்தான் அதைக் குற்றம் சொல்லலாம்.

பழைய ரெஸ்ற் லைற்றை இதற்குப் பாவிக்கவே கூடாது. அந்தக் குமிழ் இழுக்கும் மின்சாரத்தை 5 வோல்ற் சென்சர் வயர் தாங்காது. பழுதில்லாத பெட்டியைச் சோதனையிலேயே கொன்றுவிடலாம்.

"அதே மொடல் வாகனத்தில கழட்டின பெட்டி, அப்பிடியே பூட்டலாம்." வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே இருக்கும் மென்பொருள் வேறாக இருக்கலாம். எஞ்சின், கியர் விகிதம், எந்த நாட்டுச் சந்தைக்கு வந்த வாகனம் என்பவற்றைப் பொறுத்து அது மாறும். லேபலில் உள்ள பாகத்தின் முழு இலக்கமும், கடைசி எழுத்துவரை, ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் சில பெட்டிகளில் முந்தைய வாகனத்தின் செஸி இலக்கம் பதிந்திருக்கும். தகுந்த கருவியால் மாற்றி எழுதாமல் அது வேலை செய்யாது. பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் எல்லா வாகனத்துக்கும் ஒன்றல்ல. பல ரொயோட்டாக்களில் கியரைக் கட்டுப்படுத்தும் பகுதி எஞ்சின் கணினிக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஐந்து கியர் ஓட்டோ நிசான் நவாரா டி40இல் அது கியர்பொக்ஸின் உள்ளே, எண்ணெயில் கிடக்கிறது. எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினால்தான் கைக்கு வரும்.

அந்த நிசான் குடும்பத்தில் இன்னொன்றையும் பார்க்காமல் விடக்கூடாது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை வந்த பிரொன்ரியர், பாத்பைண்டர் வாகனங்களில் ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் வெடித்து, கூலன்ற் கியர்பொக்ஸுக்குள் கலந்தது. அது நீதிமன்றம்வரை போன விவகாரம். வடித்த எண்ணெய் பால்விட்ட தேநீர்போல் இருந்தால் ரேடியேற்றரைப் பார்க்காமல் புதுப்பெட்டி பூட்டுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

பெட்டியைப் பூட்டியதோடு வேலை முடியாது. கிளச் தட்டு தேய்ந்த அளவுக்கேற்ப எப்போது எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதைப் பழைய பெட்டி நாளடைவில் கற்று வைத்திருக்கும். புதியதற்கு அது தெரியாது. எண்ணெய் உரிய வெப்பத்துக்கு வந்தபிறகு, தயாரிப்பாளர் சொன்ன முறையில் கற்பிக்க வேண்டும். செய்யாமல் விட்டால் கியர் மாறும்போது உதறும். உடனே கியர்பொக்ஸையும் இறக்கச் சொல்பவர்கள் வருவார்கள். பழைய பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதன் நினைவகத்தைப் புதியதற்கு நகல் எடுக்க முடிந்தால் வேலை பாதியாகும்.

பெட்டி உண்மையிலேயே சாவதும் உண்டு. அதற்கு நம் கையாலேயே வழி செய்கிறோம். 24 வோல்ற் லொறியிலிருந்து வயர் கொடுத்து 12 வோல்ற் கெப்பை ஸ்ரார்ட் எடுப்பது ஒன்று. பற்றறியைக் கழற்றாமல் பின்பெட்டிக்கு வெல்டிங் பிடிப்பது மற்றது. இரண்டும் தெருவோரத்தில் அன்றாடம் நடக்கின்றன.

"மண்ணெண்ணெயில வாகனம் ஓட்டின ஆக்கள் நாங்கள், இது என்ன பெரிய விசயம்" என்பதை மரியாதையோடுதான் மறுக்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் வன்னிக்கு வரத் தடை. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் கைத்திறன் பல உயிர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காபரேற்றர் அந்த விட்டுக்கொடுப்பைத் தாங்கியது. ரி.சி.எம். தாங்காது, வயரை நேரே கொடுத்து ஓடவைக்க முடியாது. ஆனால் அந்தத் தலைமுறை மெக்கானிக் சாமானை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடினார். மாற்றச் சாமான் இருக்கவில்லை. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் தேவை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை, "இது எங்கட இடத்தில ஏலாது, கொழும்புக்குத்தான் கட்டியிழுக்க வேணும்." 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் ஏற்றிப் போகும் கூலியே ஒரு பற்றறியின் விலையைத் தாண்டும். மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றுக்கும் கொழும்பு தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் நம் பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கராஜில் சேர்த்துக்கொள்ளும் முதலாளிக்கு மீற்றர் பிடிக்கத் தெரிந்த கை கிடைக்கும். மென்பொருள் எழுதும் வேலைக்கு மட்டும் வெளியே போக வேண்டி வரலாம். அப்போதும் வாகனத்தை ஏற்றாதீர்கள். செஸி இலக்கம், பெட்டி லேபலின் படம், ஸ்கானர் காட்டிய எல்லா இலக்கங்களும், மீற்றரில் எடுத்த அளவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முதலில் அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு என்ன சோதித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள். கேட்காமலே விலை சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.