தாத்தா வண்டிக்கு டிஸ்க் பிரேக்

அன்புள்ள கயல் தாயி,

தாத்தாவின் அம்பாசிடருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடப் போகிறாயாமே, உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம்தான். 1978-ல் வாங்கிய மார்க் 3, நாலு சக்கரத்துக்கும் டிரம். காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவே அதை நிறுத்தப் போகிறவள் நீ. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் பேச்சு முழுக்க அந்தப் பளபளப்பான தட்டைப் பற்றியே இருக்கிறதாம். சின்ன வயதிலும் இப்படித்தான், சைக்கிள் வாங்கினால் முதலில் பெல்லைத்தான் பார்ப்பாய்.

டிரம்மை மட்டமாக நினைக்காதே. ஷூ விரிந்து தொட்டதும், சுற்றுகிற டிரம்மே அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும், கதவுக்கடியில் செருகிய ஆப்பு மாதிரி. அதனால்தான் மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலே தாத்தாவின் ஒற்றைக் காலுக்கு அவ்வளவு பெரிய வண்டி கட்டுப்பட்டது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலிப்பரில் உள்ள பேட் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், அவ்வளவுதான். மீதி பலம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டால், முன்னைவிட ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும்.

டிரம்முக்கு ஆகாதது சூடு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கினோம். வெள்ளி அருவி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லைனிங் தீய்கிற வாடை. டிரம் சூட்டில் விரிய விரிய, பெடல் தாழ்ந்துகொண்டே போகிறது. தாத்தா பதறவில்லை. செகண்டுக்கு மாற்றி, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். உன் அப்பா தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். "ஊத்தாதடா, டிரம் விரிசல் விட்டுரும்" என்று தடுத்து, தானாக ஆறும்வரை எங்களைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டார். டிஸ்க் வெளிக்காற்றில் ஓடுவதால் சீக்கிரம் ஆறும், மழைத்தண்ணீரையும் உதறிவிடும். 1953-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார் ஜெயித்ததற்கு டிஸ்க் பிரேக் ஒரு முக்கியக் காரணம். இருந்தாலும் மலையிறக்கத்தில் கியரைக் குறைக்கிற பழக்கத்தை விட்டுவிடாதே. டிஸ்க்கும் இரும்புதான்.

இனி வேலை. டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் பொதுவாக ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்க வைக்கும், ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ. ஷூவுக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் போனால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். திருமங்கலம் போய்ச் சேர்வதற்குள் வீல் கொதித்துவிடும். காலிப்பர் பிஸ்டன் பெரியது, ஆயிலும் கூடுதலாகக் கேட்கும். அதனால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ளதாகப் பார்த்து வாங்கு. பழைய வண்டியில் எல்லாம் ஒரே லைன். ஒரு ஹோஸ் போனால் நாலு சக்கரமும் போச்சு. பின்பக்கம் டிரம்மே இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்குக்கு அதுதான் வசதி. ஆனால் அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகக் கூடாது, வண்டி சுழன்றுவிடும்.

கடைசிக் காலத்து அம்பாசிடர் சிலவற்றுக்குக் கம்பெனியே முன்னால் டிஸ்க் போட்டு விற்றது. ஹப், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் அதிலிருந்து ஒரே செட்டாகக் கிடைத்தால் அதுதான் உத்தமம். ஆளுக்கொரு வண்டியிலிருந்து பொறுக்கிச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஐந்து வருஷத்துக்கொரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற வண்டி அது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கேட்டு, பதிலை ஃபைலில் வை. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடு.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதே, ஏர் அடிக்கவும் விடாதே. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடை. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டு. திறந்த பாட்டிலில் மிஞ்சிய பிரேக் ஆயிலை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதே, அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடும்.

இதை மட்டும் மறக்காதே, கண்ணு. பேட் மாற்றியதும் முதல் மிதிக்குப் பெடல் அடிவரை இறங்கும். பிஸ்டன் பேட் வரைக்கும் வந்து சேர வேண்டுமே! லைனிலிருந்து ஏர் எடுத்து முடித்து, பெடல் கெட்டியாக எதிர்த்து நிற்கும்வரை, நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிரு. அதற்குப் பிறகுதான் ஜாக்கியை இறக்கலாம். தினமும் காலையில் கியர் போடுமுன் ஒருமுறை மிதித்துப் பார். தாத்தா கடைசிவரை அப்படித்தான் செய்தார், நாங்கள் அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டார். ஓட்டி வந்து நிறுத்தியதும் இரண்டு முன்சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய ஊர் நம் மதுரை. மாட்டு லாட ஆணி குத்தித் தன் பஸ்களின் டயர் போகக் கூடாதென்று ரோட்டில் காந்தம் வைத்துப் பொறுக்க ஏற்பாடு செய்தார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டி வேலையில் அந்த மாதிரிப் பொறுமை உனக்கும் வர வேண்டும் என்று ஆசை.

கழற்றிய டிரம், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் எதையும் காயலான் கடைக்குப் போடாதே. நாளைக்கு யாராவது பழையபடி மாற்றச் சொன்னால் வேண்டும். கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டிச் சோழவந்தானுக்குக் கொண்டுவா, பரண் காலியாகத்தான் கிடக்கிறது. எந்த ஞாயிறு வருகிறாய் என்று பெரியம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
பெரியப்பா