பாசிக்குப் பெயர் தேடிய கதை

தீபாவளிக்கு அம்மா அகார் அகார் காய்ச்சும்போது, அது எதிலிருந்து கிடைக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சுவா தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் கடல் என்றால் லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சன் போய்க் குளித்துவிட்டு வரும் இடம். காலில் வழுக்கும் பாசியை எட்டி உதைத்துவிட்டு ஓடுவோம். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் கடற்பாசிப் பாடத்தை எடுத்த பிறகுதான், உதைத்தவற்றின் முன் குனிய வேண்டியதாயிற்று.

பௌர்ணமியை ஒட்டிய நாளொன்றில் கடல் நன்றாக வற்றியபோது தஞ்சோங் துவான் பாறைகளில் இறங்கினோம். (சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம்!) மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாங் சியூ மோயும் அவர் மாணவர்களும் சர்காசம் பாசியை ஆராய்ந்த கரை இது.

பாசிக்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதி உண்டு. அதோடு சேர்த்து எடுக்காவிட்டால் பாதி அடையாளம் பாறையிலேயே தங்கிவிடும். சர்காசத்தைச் சிறு காற்றுப்பைகள் காட்டிக்கொடுத்துவிடும். பாடினா, வெள்ளைச் சுண்ணம் பூசிய விசிறி. ஹலிமேடா, குட்டிச் சப்பாத்திக்கள்ளி. இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

சிவப்புப் பாசிகள்தாம் ஆளை ஏமாற்றுகின்றன. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நூல்கள் பிரித்தாலும் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. கடும் வெயில் படும் இடத்தில் சிவப்பு நிறமி குறைந்து, கிரசிலேரியா மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும்.

நான் கொண்டுவந்ததில் நூல் நூலாகக் கிளைத்த ஒரு கொத்து இருந்தது. தட்டில் கடல்நீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செலுத்தித் தூக்கி, துணி மூடி அழுத்தி உலர்த்தினேன். பாசியின் பசையே அதைத் தாளில் ஒட்டிவிடும். சீட்டில் ‘கிரசிலேரியா’ என்று அழகாக எழுதினேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, குறுக்காக வெட்டிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

மிச்சம் வைத்திருந்த துண்டைச் சவரக்கத்தியால் வெட்டினால் ஒவ்வொன்றும் தேங்காய்ச் சில்லு போல் வந்தது. வார இறுதியில் வீட்டில் புலம்பினேன். பல்லாண்டுகள் பால்மரம் சீவிய அப்பா, “அழுத்தாதய்யா, இழுத்துச் சீவு. அழுத்தினா காயந்தான் படும்” என்றார். திங்கட்கிழமை காரட் துண்டைப் பிளந்து, இடையில் பாசியைச் செருகி இழுத்துச் சீவினேன். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் கிடைத்தது.

நுண்ணோக்கியில் நடுவில் ஒரு சிறு செல், அதைச் சுற்றிப் பெரிய செல்கள். கிரசிலேரியாவில் இப்படி ஓர் அச்சுச் செல் இராது. நடுவில் பெரிய செல்கள், ஓரம் போகப் போகச் சிறுக்கும். வித்துறைகளையும் பார்த்தேன். கிரசிலேரியாவில் அவை சிலுவைபோல் நான்காகப் பிரியும். என்னுடையதில் அடுக்கடுக்காகக் கோடிட்டிருந்தன. சந்தேகமே இல்லை, அது ஹிப்னியா.

பெயர்தானே என்று தள்ளிவிட முடியாது. கிரசிலேரியா தருவது அகார். ஹிப்னியா தருவது காராஜீனன். அகார் ஏறத்தாழ 85 பாகை செல்சியசில் உருகும்; உறைவதோ 40 பாகைக்குக் கீழே. அம்மாவின் அகார் அகார் குளிர்பெட்டி இல்லாமலே கட்டியானதன் இரகசியம் இதுதான். நுண்ணுயிர் வளர்க்கும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் இருப்பது அகார். பாசி மாறினால் கூழ் மாறிவிடும்.

இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். இவற்றில் கஞ்சிப்பாசி ஒரு கிரசிலேரியா. கட்டக்கோரை நம் சர்காசமேதான். எங்கள் தோட்டத்தில் எல்லாமே வெறும் பாசி. குறிப்பேட்டில் சர்காசத்துக்குப் பக்கத்தில் கட்டக்கோரை என்று எழுதிக்கொண்டேன்.

உலர்தாவரத் தாளில் பழைய சீட்டைக் கிழிப்பது மரபல்ல. பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி, பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒட்டினேன். ஹிப்னியாவுக்கு அருகில், என் கையெழுத்தில், கிரசிலேரியா இன்னும் அப்படியே இருக்கிறது.