பறவையின் காலில் ஒரு முகவரி

நமக்கு ரேஷன் கார்டு, ஆதார் கார்டு இருக்கு. பறவைக்கு ஏதாவது இருக்கா? சில பறவைகளுக்கு இருக்கு! அதுதான் காலில் போடும் வளையம்.

வளையம் என்றால் என்ன?

அலுமினியம் போன்ற லேசான உலோகத்தில் செய்த சின்னத் தகடு. அதில் ஒரு எண்ணும், வளையம் போட்ட நிறுவனத்தின் பெயரும் இருக்கும். ஒரு எண் ஒரு பறவைக்குத்தான். மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, எடை, இறக்கை நீளம், அலகு நீளம் எல்லாம் குறித்துக்கொண்டு, வளையம் மாட்டிப் பறக்க விட்டுவிடுவார்கள். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் மட்டுமே இதைச் செய்யலாம்.

யார் தொடங்கியது?

டென்மார்க் நாட்டின் மார்ட்டென்சன் ஒரு பள்ளி ஆசிரியர். முதலில் அவர் போட்ட துத்தநாக வளையம் பறவைக்குப் பாரமாக இருந்தது. அதனால் 1899-ல் அலுமினிய வளையம் செய்து, மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளுக்குப் போட்டார்.

நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைச் செய்கிறது. 1960-களில் சலீம் அலி தலைமையில் பெரிய அளவில் நடந்தது. பறவை மூலம் நோய் பரவுகிறதா என்று அறிய உலக சுகாதார நிறுவனமும் உதவியது. நம் தமிழ்நாட்டில் கோடியக்கரையில் பல வருடங்களாக வளையம் போடுகிறார்கள். அங்கே போட்ட உள்ளான் வளையங்கள் சைபீரியாவில் கிடைத்திருக்கின்றன!

ஒரு கடிதம் சொன்ன உண்மை

தகைவிலான் குருவி குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் தூங்கும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1911 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு தகைவிலானுக்கு பி 830 என்ற வளையம் போட்டார்கள். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணை வீட்டுக்குள் பிடிபட்டது. வளையத்தில் இருந்த லண்டன் முகவரிக்கு ஒருவர் கடிதம் போட்டார். இங்கிலாந்துத் தகைவிலான் குளிர்காலத்துக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் "நமக்கென்ன" என்று வளையத்தைத் தூக்கிப் போட்டிருந்தால்?

வயதும் தெரியும்

பசிபிக் கடலில் மிட்வே தீவில் ஒரு ஆல்பட்ரோஸ் பறவைக்கு 1956-ல் வளையம் போட்டார்கள். அதன் பெயர் விஸ்டம். 2024-லும் அது முட்டையிட்டது! வயது எழுபதுக்கு மேல். வளையம் இல்லையென்றால் இந்தப் பாட்டியை யாருக்குத் தெரியும்?

பயம் வேண்டாம்

நம்ம ஊர்ல சிலர், "வளையம் போட்டது கவர்மெண்ட் பறவை, சொன்னா கேஸ் போட்டுடுவாங்க"ன்னு சொல்றாங்க. சிலர் உளவு பார்க்க வந்த பறவைன்னு நினைக்கிறாங்க. ரெண்டும் தப்பு. பார்த்ததைச் சொல்வது குற்றம் இல்லை. பறவையைப் பிடிப்பதும் கொல்வதும்தான் குற்றம். வளையம் போட்ட சின்னப் பறவைகளில் நூற்றுக்கு ஒன்று திரும்பத் தென்படுவதே அபூர்வம். அந்த ஒன்றையும் நாம் மறைத்தால், வளையம் போட்டவர்கள் பட்ட பாடு எல்லாம் வீண்.

பார்த்தால் என்ன செய்யணும்?

1. உயிரோடு இருந்தால் துரத்தாதீங்க, பிடிக்காதீங்க. வளையத்தைக் கழற்றவே கூடாது.
2. எழுத்து, எண், எந்தக் காலில் இருக்கிறது, என்ன நிறம் என்று எழுதுங்க. முடிந்தால் வீட்டுப் போனில் படம் எடுங்க.
3. தேதி, நேரம், இடம் குறியுங்க.
4. இறந்து கிடந்தால் கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்க.
5. அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தால் மும்பையில் உள்ள கழகத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கலாம். "மாஸ்க்வா" என்று இருந்தால் அது ரஷ்யா வளையம். அதையும் அப்படியே எழுதுங்க.

கழுத்தில் பட்டை போட்ட பறவைகளும் உண்டு. மங்கோலியாவில் பட்டை போட்ட வரித்தலை வாத்துகளைக் கர்நாடக ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பறவை எங்கே தங்குது, எங்கே இரை தேடுதுன்னு தெரிஞ்சாதான் அந்த ஏரியைக் காப்பாத்தணும்னு கேட்க முடியும். மழைக்காலம் முடிந்து நம்ம ஏரிக்குப் பறவை வரும்போது, கவட்டையை வீட்டில் வைத்துவிட்டு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வாங்க!

கல் எறியாதே! கால் பார்! எண் எழுது!

— 9-ஆம் வகுப்பு மாணவி